இரு பக்கமும் வலிக்கும் ஒற்றைத் தலைவலி

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, எடை 25 கிலோ. ஓராண்டாக மாதத்தில் மூன்று முறையாவது தலைவலி வருகிறது. பெரும்பாலும் பள்ளி விட்டு வந்ததும் நெற்றி முழுவதும் வலிப்பதாகச் சொல்லி, விளக்கை அணைக்கச் சொல்லிப் படுத்துக்கொள்கிறாள். வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்தால், ஒன்றும் நடக்காததுபோல விளையாடப் போய்விடுகிறாள். கண் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லி கொடுத்தும் கேட்பதில்லை. மாமியார் பித்தம் என்கிறார். கணவர், வீட்டுப்பாடத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: நடிக்கும் குழந்தை, பிடித்த கார்ட்டூனையும் விட்டுவிட்டு இருட்டறையில் போய்ப் படுப்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பது குழந்தைகளுக்கு வரும் மைக்ரேனின் வழக்கமான தோற்றம். நாம் வைத்திருக்கும் ‘ஒற்றைத் தலைவலி’ என்ற பெயர்தான் பெற்றோரைக் குழப்புகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் வலிக்கும். குழந்தைகளுக்கோ இரு பொட்டுகளிலும் அல்லது நெற்றி முழுவதும் வலிப்பதே அதிகம். பெரியவர்களுக்கு 4 முதல் 72 மணி நேரம் நீடிப்பதை மைக்ரேன் என வரையறுக்கும் சர்வதேச வகைப்பாடு, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2 மணி நேரமே போதும் என்கிறது. இரு வீட்டுக் குடும்பத்திலும் ‘வெயிலில் போனால் தலை வெடிக்கும்’ என்று சொல்பவர் யாரேனும் உண்டா, மகளுக்குப் பேருந்துப் பயணத்தில் வாந்தி வருமா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டுமே இந்த நோயை ஒட்டி வருபவை.

வாந்தி எடுத்தபின் வலி அடங்குவதைத்தான் உங்கள் மாமியார் கவனித்திருக்கிறார். அவர் கண்டது சரி, சொல்லும் காரணம்தான் வேறு. வலி மூளையிலும் அதன் உறையைச் சுற்றியுள்ள நரம்புகளிலும் தொடங்குகிறது. வாந்தி அதன் விளைவு. வலி ஏறும்போது இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடுவதால், தாமதமாகக் கொடுக்கும் மருந்து குடலுக்குப் போய்ச் சேராமல் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. சிரப் கேட்காததற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் அளவு. பாராசிட்டமாலை எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது 375 மில்லிகிராம். கடைகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. உங்களிடம் இருப்பது முதல் வகை என்றால், தேவையானதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுத்து வந்திருக்கிறீர்கள். இரண்டாவது வகையென்றால் 7.5 மில்லி வேண்டும். பாட்டிலில் எழுதியிருப்பதை வாசிக்காமல் மூடியால் அளந்து ஊற்றுவது, என் அனுபவத்தில், மருந்து ‘பலிக்காமல்’ போவதற்கு மிகப் பொதுவான காரணம்.

ஐபுபுரூஃபன் இன்னும் நன்றாகக் கேட்கக்கூடும். அதன் அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது அவளுக்கு 250 மில்லிகிராம். ஆனால் அதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டே தொடங்குங்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் கொடுக்கவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். பெரியவர்களின் தலைவலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் ஆஸ்பிரின் இருந்தால் சில குழந்தைகளுக்கு ஈரலையும் மூளையையும் பாதிக்கலாம். எந்த மருந்தானாலும் வலி தொடங்கிய அரை மணி நேரத்துக்குள், ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று காத்திராமல் கொடுங்கள். அதே சமயம் வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். அடிக்கடி எடுக்கும் வலிமருந்தே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். மருந்துக்குப் பின் இருட்டு, அமைதி, நெற்றியில் ஈரத்துணி போதும். தைலம் தேய்க்காதீர்கள், அந்த நெடியே சிலருக்கு வலியைக் கூட்டும்.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்து, கண்ணின் உட்பகுதியைக் கருவியால் நோக்கி, நடையையும் கைகால் அசைவையும் சோதித்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், இப்படிப்பட்ட தலைவலிக்கு ஸ்கேன் தேவையில்லை. ஆனால் அதிகாலையில் வலியே அவளை எழுப்புவது, விழித்ததும் வாந்தி, இருமும்போது வலி கூடுவது, வாரத்துக்கு வாரம் வலி வளர்வது, இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், படிப்பிலோ சுபாவத்திலோ திடீர் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காதீர்கள். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, தலையில் அடிபட்டபின் வரும் வலி, நொடியில் உச்சத்தைத் தொடும் வலி என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளி விட்டு வந்ததும் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்தப் பகல் பொழுதின் மீதுதான். காலையில் பாதி இட்லியோடு ஓடி, மதிய உணவு டப்பாவை மிச்சத்தோடு கொண்டுவந்து, தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் திரும்பும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். பெண் குழந்தைகள் பலர் பள்ளிக் கழிப்பறைக்குப் போக அருவருப்பதால்தான் தண்ணீர் குடிப்பதில்லை. இதை அவளிடம் தனியாகக் கேளுங்கள், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். சாக்லெட்டைத் தடை செய்வதைவிட இது முக்கியம். வலி வரப்போகும் நேரத்தில் இனிப்புக்கு ஏங்குவது சில குழந்தைகளிடம் நோயின் முன்னறிகுறியே; பிறகு வரும் வலிக்குச் சாக்லெட் பழி சுமக்கிறது. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரம் பெரிதாக மாறக் கூடாது.

கொட்டாவி, முகம் வெளிறுதல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை வலிக்கு முன்னரே வரலாம் என்று ஆசிரியருக்கு ஒரு கடிதத்தில் எழுதி, மருத்துவர் சீட்டோடு மருந்தையும் பள்ளியில் கொடுத்து வையுங்கள். வகுப்பில் வலி வந்தால் மருந்து, ஒரு மணி நேரம் ஓய்வு, பிறகு மீண்டும் வகுப்பு என்பதே ஏற்பாடாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அழைத்து வந்தால், பள்ளியும் வலியும் அவள் மனதில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். வீட்டிலும் ‘தலை வலிக்கிறதா?’ என்று மணிக்கொரு முறை கேட்காதீர்கள். அவளே சொல்வாள். சொன்னதும் நம்புங்கள், இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள்.

தினசரி தடுப்பு மருந்து பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுள்ளவர்களிடம் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், அமிட்ரிப்டிலின் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், டோபிராமேட் எடுத்தவர்களில் 55 சதவீதத்தினருக்கும், வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதத்தினருக்கும் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தன. வலி கற்பனை என்று இதற்குப் பொருளல்ல. முறையான கவனிப்பில் இருக்கும் குழந்தைகள் பலர் அந்த மருந்துகளின் பக்கவிளைவைச் சுமக்காமலேயே தேறுகிறார்கள் என்பதுதான். மாதத்தில் நான்குக்கு மேல் போனாலோ, பள்ளி நாட்கள் தொடர்ந்து வீணானாலோ தடுப்பு மருந்து பற்றிப் பேசலாம்.

அதற்காக, சமையலறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் வலி வந்த நாள், தொடங்கிய நேரம், கொடுத்த மருந்தின் அளவு, முந்தைய இரவின் தூக்கம், அன்று மதியம் சாப்பிட்டாளா என்ற விவரங்களை மூன்று மாதங்கள் குறித்து வாருங்கள். தாள்களைக் கிழித்து எறிந்துவிடாமல் ஒரு உறையில் போட்டு, மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.