காட்டுக்குள் வந்து பார்க்கும் நாலு பேர்
இயற்கைக் காய்கறி: வாசகர் கேள்வி, விவசாயி பதில்

கேள்வி: எனக்கு ஒன்றரை ஏக்கர். பந்தலில் பாகல், புடலை, பீர்க்கன். யூரியாவும் மருந்தும் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஆர்கானிக் சர்டிபிகேட் இருந்தால் காய் எடுத்துக்கொள்வதாகப் பாலக்காட்டுக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். உடனே வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மாமியார் நிலமும் கொஞ்சம் உண்டு.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மணி. உடனே கிடைக்கிற சான்று என்று ஒன்று கிடையாது. காய்கறி மாதிரிப் பருவப் பயிருக்கு, ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறுகிற மாற்றுக் காலமே இரண்டு வருஷம். தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று. நீங்கள் மருந்தை விட்ட ஒரு வருஷத்தையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டுமானால், எழுதி வைத்த கணக்கு கையில் வேண்டும்.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று 2001-இல் வந்த, இயற்கை உற்பத்திக்கான தேசியத் திட்டம், என்.பி.ஓ.பி. என்பார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் வருவார், அதற்குக் கட்டணம் உண்டு. ஏற்றுமதிக்கு அதுதான் வேண்டும். பாலக்காட்டுக்குப் புடலங்காய் அனுப்ப அவ்வளவு தூரம் போக வேண்டாம். மத்திய வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ்., அதாவது விவசாயிகளே ஒருவருக்கொருவர் உறுதி கொடுக்கும் முறை, உங்களுக்குப் போதும். குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து குழு அமைத்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் காட்டை, அதாவது விளைநிலத்தை, மற்றவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. மேலே மண்டலக் குழு அதைச் சரிபார்க்கும். மாற்றுக் காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்', முடிந்ததும் 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேளுங்கள், ஏற்கெனவே இருக்கும் குழுவில் சேர முடியுமா என்று சொல்வார்கள்.

கையெழுத்துதான் இதில் உயிர். எங்கள் குழுவில் பார்வைக்குப் போனால் நான் பயிரைப் பார்ப்பதற்கு முன் மோட்டார் ரூமைப் பார்ப்பேன். பழைய மருந்து பாட்டில் அங்கேதான், பரணிலோ ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னாலோ கிடக்கும். அப்புறம் ஸ்பிரேயர். பக்கத்துக் காட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய டேங்கில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால், அவர் அடித்த மருந்தின் மிச்சமும் உங்கள் பாகலில்தான் இறங்கும். டேங்க் மட்டும் தனியாக வாங்கிவிடுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

விதையையும் பாருங்கள். கலர் பூசி வருகிற விதையில் பூசணக்கொல்லி இருக்கும், அது ஆகாது. கோழி எருவிலும் கவனம் வேண்டும். பெரிய கூண்டுப் பண்ணையிலிருந்து வருகிற எருவுக்குக் கட்டுப்பாடு உண்டு, லோடு இறக்கும் முன்பே குழுவில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் மருந்து அடிப்பவர் இருந்தால் அந்த வரப்போரம் சோளமோ கம்போ நெருக்கமாக விதைத்து விடுங்கள். மேட்டுக் காட்டுத் தண்ணீர் வழிந்து வராதபடி ஒரு வாய்க்கால் வெட்டுங்கள்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்: என்றைக்கு என்ன அடித்தோம், எங்கே வாங்கினோம், எத்தனை கிலோ பறித்தோம். வேப்பம் புண்ணாக்கு பில்லையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள்.

மாமியார் நிலத்தில் பண்ணையம் நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்றால் அதையும் குழுவில் சொல்லிவிட வேண்டும். பாதி நிலத்தில் இயற்கை, பாதியில் ரசாயனம் என்பதற்கு பி.ஜி.எஸ்ஸில் இடமில்லை. விதி மத்திய அரசுடையது, சோதனைச் சாவடி தாண்டினாலும் மாறாது. ஆனால் குழுக்காரர்கள் அடிக்கடி போய்ப் பார்க்கிற தூரத்தில் நிலம் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சான்று நீங்கள் வெள்ளாமை செய்யும் முறைக்கு. காயில் மருந்து எச்சம் உண்டா என்பது லேபில் பார்க்கிற வேலை. திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் அதற்கு ஆய்வகம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல இடத்தில் மனஸ்தாபம் வருகிறது.

கேள்வி: சான்று இல்லாமல் 'இயற்கைக் காய்' என்று சொல்லி விற்றால் தப்பா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: சாப்பிடுகிறவர் கையில் நேரடியாகக் கொடுத்தால் தப்பில்லை. 2017-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில், வருஷ விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத சிறு விவசாயி நேரடியாக விற்கச் சான்று வேண்டியதில்லை என்று இருக்கிறது. 'ஜைவிக் பாரத்' என்கிற அரசின் இயற்கை உணவு முத்திரையை மட்டும் போடக் கூடாது. கடை வழியாகப் போனால் இந்தச் சலுகை இல்லை. மேலே எழுதிய தங்கச்சியிடம் கடைக்காரர் சர்டிபிகேட் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: பாகலில் காய் ஈ தாங்கவில்லை. மருந்து அடிக்காமல் என்ன செய்வது?
– வாசகர், வண்ணாமடை

பதில்: கொத்துப்பட்ட காயை வரப்பில் வீசாதீர்கள். உள்ளே இருக்கிற புழு மண்ணுக்குள் இறங்கிக் கூண்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். தினமும் பொறுக்கி, பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள், உள்ளேயே வெந்து செத்துவிடும். பூ எடுக்கும் முன்பே, வாசனையால் ஈயை இழுக்கும் கியூ லூர் பொறி கட்டுங்கள். மா மரத்துக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் பொறி பாகல் ஈக்கு உதவாது, கடையில் சரியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொறிக்குள் வைக்கும் வாசனைக் கட்டைகள் சிலவற்றில் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தையும் ஏற்றியிருப்பார்கள். சான்றுக் குழுவில் இருக்கிறவர்கள் மருந்து ஏற்றாத கட்டையாகப் பார்த்து வாங்கி, பொறிக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும், அதனால் காய் பொறுக்குவதை ஒருநாளும் விடக் கூடாது.