ஐந்து நாளில் 'ஏ' அனுமதிப்பத்திரமா? முற்பணம் கொடுக்காதீர்கள்

சாவகச்சேரியிலிருந்து 23 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சென்ற வருடம் டுபாயில் பயிற்றுநர் ஒருவருடன் சேர்த்துக் கட்டப்பட்டு விமானத்திலிருந்து பரசூட்டில் குதித்திருக்கிறார். இப்போது தனியாகக் குதிக்க ஆசை. யாழ்ப்பாண நகரில் ஒரு முகவர், "உங்களிடம் ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறது. தாய்லாந்தில் ஐந்து நாளில் 'ஏ' அனுமதிப்பத்திரம் எடுத்துத் தருகிறோம். இன்னும் கொஞ்சம் கட்டினால் அதே பயணத்தில் 'பி'யும் கிடைக்கும்" என்று சொல்லி இரண்டு இலட்சம் ரூபாய் முற்பணம் கேட்கிறாராம். நம்பலாமா, கண்ணாடி அணிவது தடையாகுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, காசை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

பரசூட் அனுமதிப்பத்திரத்தைச் சாரதி அனுமதிப்பத்திரம் போல நினைப்பதிலிருந்துதான் இந்த ஏமாற்று தொடங்குகிறது. ஒரு நாள் போய்ப் பரீட்சை எழுதி, வாகனத்தை ஓட்டிக் காட்டி வாங்கி வருகிற அட்டை அல்ல இது. நீங்கள் எத்தனை முறை குதித்தீர்கள், ஒவ்வொரு முறையும் என்ன செய்து காட்டினீர்கள் என்பதற்கான கணக்கு. குதிப்பு நடக்காமல் அந்தக் கணக்கை யாராலும் எழுத முடியாது.

உலகில் அதிகம் பேர் பின்பற்றுவது அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் வரிசை. அதில் நான்கு நிலைகள். 'ஏ'க்குக் குறைந்தது 25 குதிப்புகள், 'பி'க்கு 50, 'சி'க்கு 200, 'டி'க்கு 500. 'பி'யிலிருந்து மேலே போகப் பரசூட் விரியும் முன் காற்றில் விழுந்த நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள்: 30 நிமிடம், ஒரு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம் என்று. 13,000 அடியிலிருந்து குதித்தால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஒரே பயணத்தில் 'பி'யும் தருவதாகச் சொல்கிறவர் ஒரு வாரத்துக்குள் உங்களை 50 தடவை விமானத்தில் ஏற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிரிட்டன் போன்ற நாடுகளில் எண்ணிக்கை வேறு. அதைப் பற்றி நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவை 'ஏ' மட்டும். அது கையில் இருந்தால் மேற்பார்வை இல்லாமல் குதிக்கலாம், உங்கள் பிரதான பரசூட்டை நீங்களே மடிக்கலாம், நண்பர்களுடன் சிறு குழுவாகக் குதிக்கலாம். 'பி' இரவில் குதிக்க விரும்புபவர்களுக்கு வழிவிடும். 'டி'யும் மூன்று வருட அனுபவமும் இருந்தால்தான் உங்களைக் கட்டிக்கொண்டு குதித்த அந்த டுபாய்ப் பயிற்றுநரின் வேலைக்கே விண்ணப்பிக்கலாம்.

முகவர் காட்டுகிற அந்தச் சான்றிதழ் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பேச்சில் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது, ஆட்கள் விழுவதும் அதில்தான். சேர்த்துக் கட்டிக் குதிப்பதைப் பயிற்சியின் முதல் இரண்டு படிகளாக ஏற்கும் முறை அமெரிக்கப் பாடத்திட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது பாடமாக நடந்திருக்க வேண்டும். அதாவது, தரையில் உங்களுக்கு வகுப்பு எடுத்திருக்க வேண்டும். உங்கள் கையில் உயரமானி கட்டப்பட்டிருக்க வேண்டும். விழும்போது நீங்களே உயரத்தைப் பார்த்து, குறித்த உயரத்தில் நீங்களே பரசூட்டை விரிக்கும் கைப்பிடியை இழுத்திருக்க வேண்டும். முடிந்த பிறகு பயிற்றுநர் அதை உங்கள் குதிப்புப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். கமெராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு இறங்கி, சட்டம் போட்ட படமும் சான்றிதழும் வாங்கி வந்திருந்தால் நீங்கள் அன்று பயணி. சான்றிதழில் 'பயிற்சி' என்ற சொல் அச்சிட்டிருந்தாலும் நீங்கள் பயணிதான். பதிவேடு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும் கூட, அதை ஏற்பதா இல்லையா என்பதை நீங்கள் போகும் குதிப்புத் தளத்தின் பயிற்றுநர்தான் முடிவு செய்வார். ஏற்றாலும் குறைவது ஆரம்பப் படிகள் மட்டுமே. மீதிப் படிகள் அத்தனையும் அப்படியே நிற்கும்.

அந்தப் படிகள் எப்படி இருக்கும் தெரியுமா? பயிற்றுநர்கள் கூடவே விழுந்தபடி கற்பிக்கும் ஏ.எஃப்.எஃப். முறையில் முதல் குதிப்பில் இரண்டு பயிற்றுநர்கள் உங்கள் இருபுறமும் பிடித்தபடி குதிப்பார்கள். பிறகு ஒருவர் மட்டும். பிறகு நீங்கள் தனியே. 'ஏ'க்கான அட்டையில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்: விமானத்திலிருந்து நிலைகுலையாமல் வெளியேறியது, திரும்பியது, உதவியில்லாமல் இலக்கிலிருந்து 20 மீற்றருக்குள் இறங்கியது, பரசூட்டை மடித்தது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம். கடைசியில் ஒரு சோதனைக் குதிப்பும், எழுத்திலும் வாய்மொழியிலும் பரீட்சையும்.

மடிப்பது ஒன்றே பலரை அழவைக்கும். வழுக்குகிற நைலோன் துணியை நீளமாக விரித்து, உள்ளே அடைபட்ட காற்றை உங்கள் முழு உடம்பால் அமுக்கி வெளியேற்றி, ஒரு தலையணை அளவு பைக்குள் திணிக்க வேண்டும். ஒரு பக்கத்தை அடக்கும்போது மறுபக்கம் வெளியே வழிந்துவிடும். முதல் தடவை எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. சட்டை முழுவதும் வியர்வை.

காற்றைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் பட்டத்தின் கயிறு கையை அறுக்கும். அமெரிக்க விதிப்படி, தனியாகக் குதிக்கும் மாணவருக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டக் கூடாது. அது ஏறத்தாழ 22 கிலோமீற்றர். காற்று மீறினால் அன்று தரையில்தான் இருக்க வேண்டும். நான் படித்த காலத்தில் தொடர்ந்து நான்கு நாள், காற்றைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்து நாள் என்று தேதி குறித்துத் தருகிறவர் அந்த வானத்தை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறாரா?

நான் பயிற்சி கொடுத்த ஒரு தளத்துக்கு நம் ஊர்ப் பையன்கள் இருவர் பிளாஸ்டிக் அட்டையுடன் வந்தார்கள். அட்டையில் பெரிதாக 'ஏ' என்று இருந்தது. உறுப்பினர் இலக்கம் இல்லை, பதிவேடு இல்லை. குதித்தது மொத்தம் மூன்று தடவை. விமானத்தில் ஏற்ற மறுத்தேன். ஒருவருடைய தாயார் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்த காசு அது என்று பிறகு தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. இங்கே யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் பயில ஒரு தளம் கிடையாது. விசாரிக்க ஓர் அலுவலகம் கிடையாது. பலாலியில் சர்வதேச விமான நிலையம் 2019 இல் திறந்தாயிற்று, ஆனால் இதைப் பற்றி ஒரு தமிழ்ப் பையன் தன் மொழியில் கேட்டறிய ஒரு மேசை கூட இங்கே இல்லை. விதிகளோ தடித்த ஆங்கிலத்தில். அந்த வெற்றிடத்தில்தான் முகவர் கதிரை போட்டு உட்காருகிறார்.

ஆகவே தளத்துக்கு நீங்களே நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். தாய்லாந்திலும் டுபாயிலும் முறையான தளங்கள் இருக்கின்றன. எந்தச் சங்கத்தின் பாடத்திட்டம், ஒரு படியில் தவறினால் மறுமுறைக்கு எவ்வளவு, காலநிலையால் நாள் போனால் காசு என்னாகும் என்று மூன்றையும் கேளுங்கள். பயணக் காப்புறுதியில் பரசூட் குதிப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள், பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் எந்த முகவரும் சொல்லமாட்டார். 'ஏ' எடுத்தவர் 60 நாள் குதிக்காமல் இருந்தால், மறுபடி பயிற்றுநர் மேற்பார்வையில் ஒரு குதிப்பாவது செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்கச் சங்கம். நீங்கள் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் அந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள். எனவே இருக்கிற காசு முழுவதையும் 25 குதிப்பிலேயே முடிக்காமல், அடுத்த பயணத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

கண்ணாடி தடையல்ல. அதன் மேலேயே அணியும் அகலமான காற்றுக்கண்ணாடி தளத்தில் கிடைக்கும். போகும் முன், மூக்குக்கண்ணாடியைப் பின்னால் இறுக்கிப் பிடிக்கும் ஒரு பட்டியை மட்டும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.