மிகச் சிறந்த குவார்ட்டர்பேக் யார்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான். அதனால் இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த எண்ணைச் சொன்னாலும், அது எந்த ஆண்டின் எண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வரலாற்றில் மிகச் சிறந்தவர் யார்?

டாம் பிராடி. 7 சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) வென்றார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2002 பிப்ரவரியில் முதல் பட்டம் வென்றபோது அவர் எறிதல்களால் அணி முன்னேறியது வெறும் 145 யார்டு. அன்று அணியைத் தாங்கியது டிஃபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்கும் ஆட்கள். 2007-ல் அதே ஆள் 50 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார். 2021 பிப்ரவரியில், 43 வயதில், வேறு ஊர், வேறு கோச், வேறு அணியோடு மறுபடி பட்டம். நடுவில் விதிகள் மாறின, ஆட்டத்தின் போக்கு மாறியது, கூட ஆடியவர்கள் எல்லாரும் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேவைப்பட்டதைக் கற்றுக்கொண்டு செய்தவர் வேறு யாரும் இல்லை. அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் 2000-ம் ஆண்டு தேர்வில் 199-வதாக எடுக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: இந்த ஆட்டம் எனக்குப் புதிது. பந்தை எறிகிறவர்தானே குவார்ட்டர்பேக்? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

எறிவது வேலையின் கடைசிப் பகுதி. ஒரு நகர்வு (பிளே) முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. அதற்குள் கோச் சொல்லும் உத்தி ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் வரும். 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ரேடியோ அணைந்துவிடும். அதற்கு மேல் அவர் தனி ஆள். எதிரே 11 பேர் எப்படி நிற்கிறார்கள், யார் பாய்ந்து வரப்போகிறார், யார் வருவது போல நடித்துப் பின்வாங்கப் போகிறார் என்று பார்த்து, தேவைப்பட்டால் உத்தியையே மாற்றிக் கத்த வேண்டும். குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் 'ஒமாஹா, ஒமாஹா' என்று கத்தியது இந்தச் சமயத்தில்தான். பந்து கைக்கு வந்த பிறகு மூன்று விநாடி கிடைத்தால் அதிர்ஷ்டம். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் இப்போது நிற்கும் இடத்துக்கு எறிந்தால் தாமதம். அவர் வந்து சேரப்போகும் இடத்துக்கு, அவர் திரும்புவதற்கு முன்பே எறிய வேண்டும். அதுவும் 130 கிலோ ஆட்கள் காலடியில் மோதிக்கொண்டிருக்கும்போது.

கேள்வி (சான் ஹோசே வாசகர்): ஜோ மான்டானா 4 சூப்பர் பவுல் ஆடினார், நாலும் வெற்றி. 11 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன் கூட இல்லை. பிராடி 10-ல் 3 தோற்றவர். தோற்காதவர்தானே பெரியவர்?

உங்கள் எண்கள் சரி. இன்னொன்றும் சேர்க்கிறேன்: அந்த நாலு ஆட்டத்திலும் சேர்த்து 122 முறை எறிந்தார். பட்டத்துக்கான ஆட்டத்தில் 122 எறிதலில் ஒன்றுகூட எதிரி கைக்குப் போகவில்லை. யாரையாவது அழகுக்காகப் பார்க்க வேண்டுமென்றால் மான்டானாவைத்தான் பார்க்கச் சொல்வேன்.

குறிப்பாக 1989 ஜனவரி, மயாமி. மான்டானாவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகச் சின்சினாட்டி 16-13 என்று முன்னிலை. மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சம். பந்து சொந்த 8 யார்டு கோட்டில், அதாவது 92 யார்டு போக வேண்டும். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன் ஒருவர் பதற்றமாக இருப்பதைப் பார்த்து, 'அதோ ஜான் கேண்டி' என்று கூட்டத்தில் இருந்த நடிகரைக் காட்டினார் மான்டானா. அப்புறம் குட்டிக் குட்டியாக எறிந்து முன்னேறினார். நடுவில் ஒரு தண்டனையால், பந்தைத் தொடர்ந்து வைத்திருக்க 20 யார்டு தேவை என்ற நிலை வந்தபோது ரிசீவர் ஜெர்ரி ரைஸுக்கு ஒரு எறிதல், 27 யார்டு. கடைசியில் 10 யார்டு தூரத்திலிருந்து, எல்லார் கண்ணும் ரைஸ் மேல் இருக்க, அதுவரை ஒரு பந்துகூடப் பிடிக்காத ஜான் டெய்லருக்கு எறிந்தார். 34 விநாடி மிச்சம், 20-16.

ஆனால் 4-0 என்ற கணக்கில் ஒரு கோளாறு இருக்கிறது. 1985, 1986, 1987 மூன்று பருவத்திலும் மான்டானாவின் அணி பிளே ஆஃபில் (பருவ முடிவில் தோற்றவர் வெளியேறும் சுற்று) முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-3, மறுபடி அவர்களிடமே 49-3, பிறகு மினசோட்டாவிடம் 36-24. இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றால் களங்கம், முதல் சுற்றிலேயே போனால் சுத்தமான ஏடு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி (அதே வாசகர்): 1986-ல் அவர் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வந்து ஆடியவர். அந்த 49-3 ஆட்டத்தில் முதல் பாதியிலேயே அடிபட்டு வெளியே போய்விட்டார். அதை அவர் தலையில் கட்டுவீர்களா?

நியாயமான மறுப்பு. 1986-ஐ எடுத்துவிடலாம். 1987-ஐ எடுக்க முடியாது. 13 வெற்றி, 2 தோல்வி என்று அந்தப் பருவத்தின் சிறந்த அணியாக வந்து, சொந்த மைதானத்தில் மினசோட்டாவிடம் திணறி, கோச் பில் வால்ஷ் ஆட்டத்தின் நடுவிலேயே மான்டானாவை உட்காரவைத்து ஸ்டீவ் யங்கை இறக்கினார். உடல் சரியாக இருந்தும் நடந்தது அது.

கேள்வி (இன்னொருவர்): சண்டைக்கு நானும் வருகிறேன். 1991 ஜனவரியில் ஜயன்ட்ஸின் லென்னர்ட் மார்ஷல் பின்னாலிருந்து மோதாமல் இருந்திருந்தால் மான்டானாவுக்கு ஐந்தாவது பட்டம் நிச்சயம்!

அந்த ஆட்டத்தை ஜயன்ட்ஸ் 15-13 என்று கடைசி உதையில் வென்றது. மார்ஷலின் மோதல் கொடூரமான ஒன்று. அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு பருவங்கள் மான்டானா களத்தில் இல்லை. ஆனால் 'இருந்திருந்தால்' என்பதை ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். 2008-ல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போன பிராடிக்கும் ஒரு 'இருந்திருந்தால்' உண்டு. நடந்ததை வைத்துப் பேசுவோம்.

கேள்வி (சான் ஹோசே வாசகர்): கடைசியாக ஒன்று. முட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஆட்டம், இரண்டு நிமிடம் மிச்சம். யாரிடம் பந்தைக் கொடுப்பீர்கள்?

மான்டானாவிடம். அதனால் அவர் வாழ்நாள் கணக்கில் முதலிடம் ஆகிவிட மாட்டார்.

கேள்வி: பிராடியை உருவாக்கியது நியூ இங்கிலாந்து கோச் பில் பெலிசிக்தானே?

2019-ல் டாம்பா பே 7 வெற்றி, 9 தோல்வி. பிராடி அங்கே போன 2020-ல் 11-5, கூடவே பட்டம். அவர் விட்டுவிட்டுப் போன நியூ இங்கிலாந்து அதே 2020-ல் 7-9. இது முழு நிரூபணம் ஆகாது. அந்த இறுதி ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டியை ஒரு டச்டவுன்கூட எடுக்கவிடாமல் 31-9 என்று நிறுத்தியது டாம்பாவின் டிஃபென்ஸ். ஆனாலும் 'கோச்தான் எல்லாம்' என்ற வாதம் அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது.

கேள்வி: பெலிசிக் இல்லாமல் பிராடி...

மேலே இருக்கிறது.

கேள்வி: 1950-களின் குவார்ட்டர்பேக் ஜானி யூனிடாஸின் புள்ளிவிவரம் இன்றைய சாதாரண ஆட்களைவிடக் குறைவு. அவரை ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?

ஆண்டைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வதன் விளைவு இது. யூனிடாஸ் ஆடிய காலத்தில், ரிசீவர் ஓடும் வழியெல்லாம் டிஃபென்ஸ் ஆட்கள் அவரை இடித்துத் தள்ளலாம். 1978-ல்தான் 5 யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்று விதி வந்தது. லைன்மேன்கள் கையை நீட்டித் தடுக்கவும் அந்த ஆண்டுதான் அனுமதி கிடைத்தது. பருவத்துக்கு 16 ஆட்டம் என்று ஆனதும் அப்போதுதான். யூனிடாஸின் உச்சக் காலத்தில் 12 ஆட்டம். அந்த 12-ல் 1959-ல் அவர் எறிந்தது 32 டச்டவுன். தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் எறிந்த அவர் சாதனையை 2012-ல்தான் ட்ரூ பிரீஸ் முறியடித்தார். வாகனம் ஓட்டவே சாலை இல்லாத காலத்தில் ஓட்டிய வேகம் அது.

1955-ல் பிட்ஸ்பர்க் அவரைத் தேர்வு செய்து, ஆட விடாமலேயே அனுப்பிவிட்டது. கட்டுமான வேலை பார்த்துக்கொண்டே, ஆட்டத்துக்குச் சில டாலர் கூலிக்கு உள்ளூர் அணியில் ஆடினார். மூன்று வருடம் கழித்து, 1958 டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியத்தில் என்எஃப்எல் இறுதி ஆட்டம். அவருடைய பால்டிமோர் அணி 17-14 என்று பின்தங்கியிருக்க, இரண்டு நிமிடம் மிச்சம், பந்து சொந்த 14 யார்டு கோட்டில். ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று எறிதல், 62 யார்டு. 7 விநாடி இருக்கும்போது உதைத்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் 13 நகர்வுகளில் 80 யார்டு போய் 23-17 என்று வென்றார்கள். காதில் ரேடியோ கிடையாது. எந்த உத்தி என்பதைக் களத்தில் நின்று அவரே முடிவு செய்தார். இன்று இரண்டு நிமிட ஆட்டம் என்று எல்லா அணியும் பயிற்சி செய்வதன் வடிவம் அன்றே அவரிடம் முழுசாக இருந்தது. எனக்கு அவர் இரண்டாவது இடம், மான்டானாவுக்கும் மேலே. சான் ஹோசே வாசகர் மன்னிக்கட்டும்.

கேள்வி: 7 பட்டம் வாங்கிய முதல் ஆள் பிராடி இல்லை, ஆட்டோ கிரஹாம். சரியா?

சரி. கிளீவ்லாந்தில் 1946 முதல் 1955 வரை 10 பருவம், பத்திலும் இறுதி ஆட்டம், 7 பட்டம். அதில் 4, என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஏஏஎஃப்சி என்ற லீக்கில். எட்டே அணிகள் இருந்த லீக் என்று ஒதுக்குகிறவர்களுக்கு: 1950-ல் என்எஃப்எல்லுக்கு வந்த முதல் வருடமே பட்டம் அவர்களுக்குத்தான். பட்டத்துக்குக் கொடுக்கும் மோதிரத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் கிரஹாமுக்கு பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஒரு பட்டம்கூட வெல்லாத டேன் மரீனோ பட்டியலில் வரலாமா?

தாராளமாக. 1984-க்கு முன்பு ஒரு பருவத்தில் 36 டச்டவுன்தான் உச்சம். அந்த ஆண்டு மரீனோ எறிந்தது 48. ஏணியில் அடுத்த படி ஏறவில்லை அவர், வேறு மாடிக்கே போய்விட்டார். பட்டம் ஓர் அணியின் சொத்து.

கேள்வி: பந்தில் காற்றை இறக்கிய ஏமாற்றுக்காரர் பிராடியைப் போய்...

2015 ஜனவரி ஆட்டம் தொடர்பான விவகாரம். 2016-ல் 4 ஆட்டத் தடையை அனுபவித்தார். அதே பருவத்தில்தான் அட்லாண்டாவிடம் 28-3 என்று பின்தங்கி 34-28 என்று வென்ற இறுதி ஆட்டம். தண்டனையும் உண்மை, அந்த வெற்றியும் உண்மை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை யார் மேல் பணம் கட்டலாம்?

பந்தயக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: உங்கள் பட்டியலில் பழைய கறுப்பின வீரர்கள் யாருமே இல்லையே?

கேட்டதற்கு நன்றி. பழைய காலத்தில் யார் ஆட விடப்பட்டார்கள் என்பதையும் பார்க்காமல் இந்த விவாதம் நேர்மையாகாது. வாரன் மூன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக 1978 ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த ஆண்டு என்எஃப்எல் தேர்வில் ஒரு அணியும் அவரை எடுக்கவில்லை. கனடா போய், எட்மன்டனோடு தொடர்ந்து ஐந்து முறை கிரே கோப்பை வென்றார். 1984-ல் ஹூஸ்டன் அழைத்தபோது வயது 27. அங்கிருந்து தொடங்கியும் 49,325 யார்டு. தொலைந்த ஆறு வருடத்துக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம் இல்லை. 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ், 10-0 என்று பின்தங்கிய வாஷிங்டனுக்கு இரண்டாம் கால் பகுதியில் மட்டும் 4 டச்டவுன் எறிந்து 42-10 என்று வென்றார். சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர்தான்.

கேள்வி: கேன்சஸ் சிட்டியின் பாட்ரிக் மஹோம்ஸ் பிராடியைத் தாண்டிவிடுவாரா?

3 சூப்பர் பவுல் வெற்றி, மூன்றிலும் சிறந்த ஆட்டக்காரர். முப்பது வயதுக்குள் இவ்வளவு செய்தவர்கள் மிகக் குறைவு. ஓடிக்கொண்டே, உடம்பு ஒரு பக்கம் கை ஒரு பக்கம் என்று அவர் எறிகிற எறிதலை யூனிடாஸ் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். ஆனால் பிளே ஆஃபில் பிராடியை இரண்டு முறை சந்தித்து இரண்டும் தோற்றார். 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவிடம் 40-22. லைன்மேன்கள் சரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த இரவு காட்டியது. பிராடி தன் ஐந்தாவது பட்டத்தை வாங்கியபோது வயது 39. மஹோம்ஸுக்கு அந்த வயது வர இன்னும் பல பருவங்கள் இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் மோதிரக் கணக்குப்படி...

கிரஹாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கல்லூரிக் கால்பந்தில் மிகச் சிறந்தவர்?

அதைத் தொடர்ந்து பார்க்கிறவரிடம் கேளுங்கள், நான் பார்ப்பது என்எஃப்எல் மட்டும்.