கொலீன் ஹூவரின் இரண்டாம் பாகத்தை வாசிக்கலாமா? டீச்சரின் பதில்கள்

‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ நாவலோடு அமெரிக்க எழுத்தாளர் கொலீன் ஹூவரை ஒதுக்கிவைத்தவர்கள் நம் வாசகர் வட்டத்தில் பலர். அதன் தொடர்ச்சியான ‘இட் ஸ்டார்ட்ஸ் வித் அஸ்’ஸுக்காக அவரை மீண்டும் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பில் நீண்டகாலம் ஆங்கிலம் படிப்பித்தவள், காதல் நாவல்களை ஆசையாக வாசிப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கதை வெளிப்படும், பரவாயில்லை என்பவர்கள் தொடருங்கள்.

கல்லடி: டீச்சர், கதாநாயகி லிலியை ரைல் அடிக்கிற இடத்தில் கோபம் வந்து மூடிவிட்டேன். அடிக்கிறவனை அழகனாக, டொக்டராகக் காட்டியவரை ஏன் திரும்ப வாசிக்க வேண்டும்?

முதலில் அந்தப் புத்தகத்தையே முடியுங்கள் மகள். லிலியின் அப்பாவும் அம்மாவை அடித்தவர். அம்மா ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த அவளே, தான் காதலித்துக் கட்டிய ரைலை மன்னிக்கிறாள், மறுபடியும் மன்னிக்கிறாள். அவன் அவ்வளவு கவர்ச்சியாக இருப்பதால் வாசிக்கிற நாமும் சேர்ந்து மன்னித்துவிடுகிறோம். அது நமக்கு உறைக்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார். தன் தாயின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை என்று ஹூவரே சொல்லியிருக்கிறார். மகள் பிறந்ததும் லிலி அவனை விட்டு விலகுகிறாள்.

என் குறை வேறு. பிரிந்த பிறகும் பிள்ளைக்கு அவன்தானே தகப்பன்? கைநீட்டிய ஒருவனிடம் குழந்தையை எந்த நம்பிக்கையில் விட்டுவிட்டு வருவது? 2016 இல் வந்த முதல் பாகம் இதைக் கடைசிச் சில பக்கங்களில் சுமுகமாகத் தாண்டிப் போகிறது. 2022 ஒக்டோபரில் வந்த இரண்டாம் பாகம் அதே இடத்தில் நின்று யோசிக்கிறது. நான் அதை வாசிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

காத்தான்குடி: அதிலும் அடி உதைதானா? மனசு தாங்காது டீச்சர்.

முதல் பாகத்தை விட எவ்வளவோ இலகுவானது. ஓர் அத்தியாயம் லிலி சொல்கிறாள், இன்னொன்று அவளுடைய பழைய காதலன் அட்லஸ். ரைலின் பொறாமையும் மிரட்டலும் உண்டு, அந்த இடங்களில் பயம் வரும். ஆனால் ரைலின் தங்கை அலிஸாவையும் அவள் கணவனையும் கூட இருத்திக்கொண்டு, கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போ என்று லிலி அவனுக்கு நிபந்தனை போடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பலவீனம் அட்லஸ்தான். ஒரு குறையும் இல்லாத மனிதன், கொஞ்சம் அலுக்கிறான். அவனுடைய தம்பி ஜோஷ் வந்த பிறகுதான் அவன் பக்கத்துக் கதைக்கு உயிர் வருகிறது.

அக்கரைப்பற்று: நம்மட பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே எழுதுகிறோம். லிலியின் கதை நமக்கு எப்படிப் பொருந்தும்?

வீடு நம் பேரில் இருப்பது பெரிய பலம், உண்மைதான். ஆனாலும் “பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்” என்ற பேச்சு அதே வீட்டுக்குள்தானே கேட்கிறது? லிலியின் தாய் அப்படிச் சொல்லவில்லை, என்னைப்போல் ஆகிவிடாதே என்கிறாள். அலிஸா அவளுக்கு மச்சாள் முறை. அவளே, அண்ணனோடு திரும்பச் சேர்ந்தால் உன்னோடு பேச மாட்டேன் என்கிறாள். இப்படி ஒரு தாயும் மச்சாளும் எத்தனை பேருக்கு வாய்க்கும்! அப்புறம் ஒன்று. நம் இலங்கையின் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம் வரை கிடைக்கும். மகளிர் உதவி இலக்கம் 1938. நாவலைப் பற்றிய கேள்விக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். தேவைப்படும் ஒருவர் இதை வாசிக்கக்கூடும்.

ஏறாவூர்: முதல் பாகத்துக்கு ஹூவரும் பதிப்பகமும் நிறம் தீட்டும் புத்தகம் போடப் பார்த்தார்களாமே?

ஆமாம், 2023 ஜனவரியில். வாசகர்கள் கொதித்தார்கள், மன்னிப்புக் கேட்டுக் கைவிட்டார்கள். எனக்கும் அது சரியான கோபம். அந்தப் பிழை அவர்களுடையதுதான், அதற்காக இரண்டாம் பாகத்தைத் தண்டிக்க எனக்கு மனமில்லை.

கல்முனை: படம் பார்த்துவிட்டேன், போதாதா?

போதாது. 2024 இல் வந்த படம் முதல் பாகம் மட்டும்.

களுவாஞ்சிக்குடி: மகளுக்குப் பதினான்கு வயது. கேட்கிறாள், கொடுக்கவா?

இப்போது வேண்டாம். படுக்கையறைக் காட்சிகள் தாராளமாக உண்டு, வன்முறையும் கடுமையானது. உயர்தரம் முடிக்கட்டும், இரண்டு பாகத்தையும் வரிசையாகக் கொடுங்கள். நீங்களும் கூட வாசியுங்கள். ரைல் முதல் தடவை மன்னிப்புக் கேட்கிற இடம் வந்ததும், நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று அவளிடம் கேளுங்கள்.