யாருடைய வேகன், யார் செய்த வேகன்? வட அமெரிக்கச் சரக்கு வேகன்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சிகாகோ அருகே நின்ற ஒரு டேங்கர் வேகனில் ‘யு.டி.எல்.எக்ஸ்.’ என்ற எழுத்துகளையும் ஓர் எண்ணையும் கண்டேன். இது எந்த ரயில்வேக்குச் சொந்தமானது?

பதில்: எந்த ரயில்வேக்கும் சொந்தமானது அன்று. வட அமெரிக்க வேகன்களின் பக்கவாட்டில் இரண்டு முதல் நான்கு எழுத்துகள் கொண்ட உரிமைக் குறியீடும் அதையடுத்து வேகனின் எண்ணும் இருக்கும். குறியீடு ‘எக்ஸ்’ என்று முடிந்தால், உரிமையாளர் ரயில் சேவை நடத்தாத ஒரு நிறுவனம் என்று கொள்ளலாம். நீங்கள் கண்டது, 1911 வரை ஸ்டாண்டர்ட் ஆயில் குழுமத்தில் இருந்த யூனியன் டேங்க் கார் நிறுவனத்தின் குறியீடு. இத்தகைய நிறுவனங்கள் வேகன்களை ஆலைகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஆகவே, தொட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள பெயர் வாடகைக்கு எடுத்தவருடையதாகவும் இருக்கலாம். உரிமைக்குக் குறியீடே சான்று.

கேள்வி: சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே 1995இலேயே யூனியன் பசிபிக்குடன் இணைந்துவிட்டது. ஆனால், ‘சி.என்.டபிள்யூ.’ குறியீட்டுடன் ஒரு தானிய வேகனை அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தேனே?

பதில்: ஒரு ரயில்வே இன்னொன்றோடு இணையும்போது அதன் குறியீடுகளும் புதிய உரிமையாளருக்கே போய்ச் சேருகின்றன. ஆயிரக்கணக்கான வேகன்களுக்கு உடனே புது எழுத்து எழுதுவது வீண்செலவு என்பதால் பழைய குறியீடே தொடர்கிறது. 1999இல் கான்ரெய்ல் என்ற ரயில்வேயின் சொத்துகளை சி.எஸ்.எக்ஸ்., நார்ஃபோக் சதர்ன் என்ற இரு ரயில்வேகள் பிரித்துக்கொண்டபோது இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. சி.எஸ்.எக்ஸ். தன் பங்குக்கு வந்த வேகன்களுக்கு நியூயார்க் சென்ட்ரலின் ‘என்.ஒய்.சி.’ குறியீட்டையும், நார்ஃபோக் சதர்ன் தன் பங்குக்குப் பென்சில்வேனியா ரயில்வேயின் ‘பி.ஆர்.ஆர்.’ குறியீட்டையும் இட்டன. அவ்விரு ரயில்வேகளும் 1968இலேயே ஒன்றிணைந்து மறைந்தவை! எனவே, படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் குறியீட்டை மட்டும் வைத்து முடிவு கூறாதீர்கள். பழைய பெயின்ட்டின் நடுவே சிறு கட்டமாகப் புதுப் பெயின்ட் அடித்து எழுத்து மாற்றியிருந்தால், வேகன் கைமாறியிருக்க வாய்ப்பு மிகுதி.

கேள்வி: எங்கள் பண்ணையில் சக்கரங்கள் இல்லாத, மூடிய பழைய வேகன் ஒன்று கிடங்காகப் பயன்படுகிறது. எழுத்துகள் அழிந்துவிட்டன. தயாரித்தவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். முதலில், இருட்டிய பின் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்து இருந்த இடத்தில் பெயின்ட் வேறு விதமாகத் தேய்ந்திருப்பதால், பழைய குறியீடும் எண்ணும் பல நேரங்களில் தெரியும். ‘பி.எல்.டி.’ என்ற எழுத்துகளை அடுத்து மாதமும் ஆண்டும் இருந்தால் அது தயாரித்த நாள். வெற்று எடைக்குப் பக்கத்தில் ‘நியூ’ என்று இருந்தால், தயாரித்தபோது போட்ட எடை மாறவில்லை என்று பொருள்.

அடுத்து, கூரை. தகடுகளில் ‘போ டை’ வடிவப் புடைப்புகள் (நடுவில் குறுகி இரு பக்கமும் விரிந்தவை) தெரிந்தால், புல்மேன் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1947 முதல் செய்த ‘பி.எஸ்.-1’ வேகனாக இருக்கலாம். முனைச் சுவரை மட்டும் நம்ப வேண்டாம். ‘டிரெட்நாட்’ எனப்படும் நெளிவுள்ள முனைச் சுவர்களை ஒரே நிறுவனம் செய்து பல வேகன் தொழிற்சாலைகளுக்கு விற்றது.

குறியீடும் எண்ணும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரயில்வேகள் தொகுதி தொகுதியாக ஆர்டர் கொடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் பெரும்பாலும் தொடர் எண்களை வழங்கின. ‘அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்’ என்ற பதிவேட்டில் அந்த எண் வரிசைக்குரிய அளவுகள் கிடைக்கும்; தயாரித்தவர் பெயர் அதில் இராது. அதற்கு அந்த ரயில்வேயின் வேகன் பட்டியலைத் தேட வேண்டும்.

கேள்வி: சக்கரச் சட்டத்தின் வார்ப்பில் ஓர் ஆண்டு இருக்கிறது. அதுதானே வேகன் தயாரித்த ஆண்டு?

பதில்: இல்லை. அது அந்த உதிரிப் பாகத்தின் ஆண்டு. பழுது பார்க்கும்போது இவை மாற்றப்படுவது வழக்கம்.

கேள்வி: டேங்கர் வேகனைத் தயாரித்தவரை எப்படி அறிவது?

பதில்: தொட்டியின் இரு முனைகளிலும் உலோகத்தில் பதித்த எழுத்துகளைத் தேடுங்கள். தொட்டியின் தர வகை, தயாரித்தவரின் முதலெழுத்துகள், முதல் சோதனை நடந்த நாள் ஆகியவை அங்கே இருக்கும். மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அவை மாறுவதில்லை. தண்டவாளப் பகுதிக்குள் இறங்காமல், வெளியே நின்று தொலைநோக்கு லென்ஸால் படம் எடுத்து வாசியுங்கள்.