தாதியியல் பட்டப்படிப்பு: வைத்தியசாலை விடுதியில் (வார்டில்) கற்பித்தல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஆய்வுகூடத்தில் சரியாகச் செய்யும் பிள்ளைகள் விடுதிக்குப் போனதும் தடுமாறுகிறார்களே? (விரிவுரையாளர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

பொம்மைக் கை இழுக்காது, ‘பிள்ளை, நோகுமோ?’ என்று கேட்காது. ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து, அவர் கையோடு பொம்மைக் கையைச் சேர்த்துவைத்து, கனுலா (நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) போடும்போதே அவருடன் கதைக்கச் சொல்லுங்கள். செயல் 10 நிமிடம் என்றால் பிறகு 20 நிமிடமாவது மாணவரோடு இருந்து கதையுங்கள். முதற்கேள்வி ‘எங்கே பிழைவிட்டாய்?’ அல்ல, ‘அந்த நேரம் என்ன யோசித்தாய்?’ என்பதே. பிழையின் வேர் அங்கேதான் தெரியும்.

கேள்வி: சேலைன் துளிக் கணக்கு பரீட்சையில் சரி, கட்டிலருகில் பிழைக்கிறது. (இரண்டாம் வருட மாணவி)

1000 மி.லீ., 8 மணித்தியாலம், மி.லீ.க்கு 20 துளி விழும் செட் (சேலைன் ஏற்றும் குழாய்). 20,000 துளியை 480 நிமிடத்தால் பிரித்தால் 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. கட்டிலருகில் பிழைப்பது வகுத்தல் அல்ல, அந்த 20. செட்டின் உறையை வாசிக்காமலே அதை எடுத்துக்கொள்கிறோம். கையில் இருப்பது மி.லீ.க்கு 60 துளி விழும் மைக்ரோ செட் என்றால், அதே 42 துளியில் மணித்தியாலத்துக்கு 42 மி.லீ. தான் போகும், போகவேண்டியது 125. எட்டு மணித்தியாலப் போத்தல் ஏறத்தாழ ஒரு நாள் தொங்கும்.

துளியை முழு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 40 அல்லது 44 தான் வரும். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும், ஆகவே 15 நிமிடம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி மணித்தியாலக் கோடு போட்டால் அடுத்த முறைக்காரருக்கும் ஒரே பார்வையில் விளங்கும்.

கேள்வி: படிப்பது ஆங்கிலத்தில், நோயாளி சொல்வது தமிழில். என்ன செய்யலாம்? (மூன்றாம் வருட மாணவர்)

இதற்கு ஒரு தனிப் பாடவேளையே தேவை என்பேன். குத்து, உளைவு, எரிவு, கடுப்பு எல்லாம் வேறு வேறு. ‘நெஞ்சை அமத்துது’ என்றவரின் குறிப்பில் வெறுமனே ‘வலி’ என்று எழுதினால் மாரடைப்பின் அறிகுறி அங்கேயே மறைந்துபோகும். நோயாளியின் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாய் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: மாணவரின் செயல்முறைப் பதிவேட்டில் கையெழுத்து நிறைந்தால் போதுமா? (பயிற்சி மேற்பார்வையாளர், கோப்பாய்)

போதாது. ‘பார்த்தார், உதவியுடன் செய்தார், தனியே செய்தார்’ என மூன்று நிரல் போடுங்கள். மூன்றாவதில் கையெழுத்திடுபவர், கை கழுவுவதிலிருந்து குறிப்பெழுதும்வரை கூடவே நின்றிருக்கவேண்டும்.