கேளுங்கள் சொல்கிறோம்: வெயிலில் கேட்காத ரிமோட்

கேள்வி: காரைக்குடி அருகே எங்கள் பூர்வீக வீட்டில், வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய பத்தியில் டி.வி. இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் கிட்டே போய் அழுத்தினால்தான் ரிமோட் கேட்கிறது. பொழுது சாய்ந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை செய்கிறது. பேட்டரி மாற்றியும் பயனில்லை. புது ரிமோட் வாங்கலாமா?

வேண்டாம், காசு வீண். கோளாறு வெயிலில்.

ரிமோட் முனையிலுள்ள எல்.இ.டி. சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. பொத்தானை அழுத்தினால் அது சும்மா எரியாது. பெரும்பாலான ரிமோட்களில் வினாடிக்கு 38,000 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்பித்தான் கட்டளை போகிறது. பரவலாக உள்ள என்.இ.சி. என்ற கட்டளை முறையில் முதலில் 9 மில்லிவினாடி துடிப்பு, அடுத்து 4.5 மில்லிவினாடி இடைவெளி, பிறகு 32 பிட். டி.வி.யின் சென்சார் 38 கிலோஹெர்ட்ஸை (வினாடிக்கு 38,000 தடவையை) ஒட்டித் துடிப்பதை மட்டும் வடித்தெடுக்கும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். துடிக்காததால் சென்சார் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளாது. ஆனால் முற்றத்து வெயில் நேராகவோ, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பியோ சென்சாரில் விழும்போது உள்ளே இரைச்சல் ஏறி, ரிமோட்டின் துடிப்பு அதில் அமுங்கிவிடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளியின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். கிட்டே போனால் கேட்பது அதனால்தான்.

உச்சி வெயிலில் ஒருவர் சென்சாருக்கு மேலே ஓர் அட்டையைப் பிடித்து நிழல் காட்டட்டும். ரிமோட் உடனே எட்டினால் சந்தேகமே இல்லை. டி.வி.யின் முகம் முற்றத்தைப் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். முடியாவிட்டால் கறுப்பு அட்டையில் மூன்று, நான்கு செ.மீ. நீளக் குழல் செய்து சென்சாரைச் சுற்றி ஒட்டுங்கள். குழலின் வாய் நீங்கள் உட்காரும் பக்கம் பார்க்கட்டும். இரவிலும் தகராறு என்றால் பக்கத்திலுள்ள சி.எஃப்.எல். விளக்கை அணைத்துப் பாருங்கள். அதன் எலெக்ட்ரானிக் சோக் இதே அலைவரிசையை ஒட்டித் துடிப்பதுண்டு.

கேள்வி: மொபைல் கேமராவில் ரிமோட் மின்னுவது தெரிகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் அசையவில்லையே?

மின்னினால் எல்.இ.டி.க்கு உயிர் இருக்கிறது என்று மட்டுமே பொருள். எதையும் அழுத்தாமலே மின்னினால் ஏதோ ஒரு பொத்தான் அழுந்தி நிற்கிறது. மற்றப் பொத்தான்கள் வேலை செய்யாது. பிரித்து, ரப்பரின் கறுப்புக் கார்பன் முனையையும் போர்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கார்பனைச் சுரண்டக் கூடாது. கடையில் வாங்கிய மாற்று ரிமோட் என்றால் முறையே வேறாக இருக்கலாம்: பிலிப்ஸின் ஆர்.சி.5 முறைக்கு 36 கிலோஹெர்ட்ஸ், சோனிக்கு 40. கட்டளை அமைப்பும் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றுக்கு ஆகாது.

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் உள்ளறையில், நாங்கள் முகப்பில். முகப்பில் ஒரு சென்சாரும் ஆம்ப்ளிஃபயர் முன் ஓர் எல்.இ.டி.யும் வைத்து ஒயரால் இணைத்தால், ரிமோட் வேலை செய்ய அது போதுமா?

போதாது. சென்சார் 38 கிலோஹெர்ட்ஸை நீக்கிவிட்டுத்தான் வெளியே தருகிறது. 555 ஐ.சி.யால் அந்தத் துடிப்பை மறுபடி உண்டாக்க வேண்டும். கட்டளை வரும்போது சென்சாரின் வெளியீட்டு வோல்ட்டேஜ் தாழும். 555-இன் ரீசெட் என்ற கால் தாழ்ந்தாலோ அது நின்றுவிடும். எனவே நடுவில் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர் வைத்துத் தலைகீழாக்குங்கள். எல்.இ.டி.யை இன்னொரு டிரான்சிஸ்டர் வழியாக இயக்குங்கள். 5 வோல்ட்டில் அதற்கு 220 ஓம் ரெசிஸ்டர் போதும், ஆம்ப்ளிஃபயரின் கண்ணில் ஒட்டத்தானே போகிறீர்கள். அந்த எல்.இ.டி.யின் ஒளி முகப்பிலுள்ள சென்சாருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் தன் கட்டளையைத் தானே கேட்டு ஓயாமல் சுற்றும்.